விண்டோஸுக்குள் லினக்ஸ், லினக்ஸுக்குள் விண்டோஸ்: எதை வைத்து ஓட்டலாம்?

ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்ட எந்த மென்பொருள் நல்லது, விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா, ஹைப்பர்-வியா என்று கேட்பவரிடம் முதலில் மூன்று விஷயங்களைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கணினியில் இப்போது இருப்பது எந்த இயங்குதளம்? உள்ளே ஓட்டப்போவது எது? உள்ளே போய்ச் செய்யப்போகும் வேலை என்ன? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி மென்பொருள்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். மீதி இருப்பவற்றில் எது நல்லது என்பதை, அந்த மென்பொருளைவிட அதற்கு அடியில் விண்டோஸ் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பல இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

பெயர்களை மட்டும் ஒருமுறை சொல்லிவிடலாம். வெளியே ஓடுவது ஹோஸ்ட். உள்ளே ஓடுவது கெஸ்ட். கெஸ்டுக்காக மென்பொருள் உருவாக்கித் தரும் பொய்க் கணினிதான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்.

முதலில் ரேம் கணக்கு

ஒரு வீட்டை இரண்டு குடித்தனத்துக்குத் தடுப்பது போன்ற வேலை இது. இருக்கிற இடத்தைத்தான் பிரிக்க முடியும். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் விண்டோஸ் 11-ம் ஒரு உலாவியும் சேர்ந்தே 4 ஜிபியைத் தின்றுவிடும். கெஸ்டுக்குத் தாராளமாகக் கொடுத்தாலும் 3 ஜிபிதான் தேறும். உபுண்டு 24.04-இன் வழக்கமான டெஸ்க்டாப் அதில் திணறும். அந்தக் கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ள லினக்ஸ் மின்ட் அல்லது சுபுண்டு பொருந்தும். 16 ஜிபி இருந்தால் கெஸ்டுக்கு 4 முதல் 6 ஜிபி கொடுங்கள், இரண்டு பக்கமும் மூச்சு விடும். 4 ஜிபி கணினியில் விஎம் ஆசையே வேண்டாம். லினக்ஸை யூஎஸ்பி டிரைவிலிருந்து பூட் செய்து பார்ப்பதோ, இரண்டு இயங்குதளத்தையும் வட்டில் பிரித்துப் போட்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கும் டூயல் பூட் போடுவதோதான் வழி.

பிராசசரில் நான்கு கோர் இருந்தால் கெஸ்டுக்கு இரண்டு போதும். நான்கையும் தூக்கிக் கொடுத்தால் கெஸ்ட் வேகமாகாது, ஹோஸ்டும் சேர்ந்து தடுமாறும். வட்டைப் பொறுத்தவரை எஸ்எஸ்டி இல்லாமல் தொடங்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் இரண்டு இயங்குதளமும் ஒரே முள்ளுக்குச் சண்டை போடும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும்.

அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூ வரைபடத்துக்குக் கீழே ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி இருக்கும். எனேபிள்டு என்றிருந்தால் கவலையில்லை. டிஸேபிள்டு என்றிருந்தால், கணினி எழும்போதே விசை அழுத்தி, அதன் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக வேண்டும்: எச்பியில் எஃப்10, டெல், ஏசர், அசுஸில் பெரும்பாலும் எஃப்2, திங்க்பேடில் எஃப்1. இன்டெல் பிராசசர் என்றால் ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டி என்றால் ‘எஸ்விஎம் மோட்’ என்ற பெயரில் தேடுங்கள். பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அமைப்பு மாறியதைப் பார்த்ததும் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். கையில் இல்லையென்றால் வட்டில் உள்ள எதையும் திறக்க முடியாது.

அடியில் ஏற்கெனவே குடியிருக்கும் ஹைப்பர்-வி

விண்டோஸ் 11 புதிதாகப் போடப்பட்ட கணினிகள் பலவற்றில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு அம்சம் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசோலேஷன்’ என்ற இடத்தில் அதைப் பார்க்கலாம். அது நிற்பது விஎம்களை ஓட்டும் அடித்தள மென்பொருளான மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஹைப்பர்வைசர் மேல். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் டெர்மினல்), டாக்கர் டெஸ்க்டாப் (நிரல்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி), விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் (தற்காலிகச் சோதனை விண்டோஸ்) எதைப் போட்டாலும் அதே ஹைப்பர்வைசர்தான் எழுந்து உட்காரும்.

அது உட்கார்ந்துவிட்டால் பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி முழுக்க அதன் கையில். விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும் பிராசசரை நேரடியாகத் தொட முடியாது, விண்டோஸ் கொடுக்கும் இடைவழியாகக் கேட்டு வாங்கித்தான் ஓட வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது: விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தில் வழக்கமான சிப் படத்துக்குப் பதில் பச்சை ஆமை ஒன்று தெரியும். படம் பொருத்தம்தான். மெனு திறக்கவே யோசிக்கும், சில நேரம் கெஸ்ட் உறைந்து நிற்கும். ‘விர்ச்சுவல்பாக்ஸ் படு மந்தம்’ என்ற பேரில் பெரும்பங்கு இந்த ஆமை வாங்கிக் கொடுத்தது.

ஆமையை விரட்ட வேண்டுமென்றால் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், சாண்ட்பாக்ஸ் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். விலை என்ன? டபிள்யூஎஸ்எல்2, டாக்கர் இரண்டும் நின்றுபோகும். டிரைவர் வழியாக நுழையும் தீம்பொருளைத் தடுக்கும் ஒரு அடுக்கும் போய்விடும். அன்றாட வங்கி வேலையும் அலுவலக வேலையும் நடக்கும் கணினியில் வேகத்துக்காக இதை அணைப்பது சரியான பேரம் இல்லை. அங்கே ஹைப்பர்-வியோடு ஒத்துப்போகிற வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

டெர்மினல் போதும் என்றால்: டபிள்யூஎஸ்எல்2

பைத்தான், நோட், கிட், டாக்கர், கல்லூரி லினக்ஸ் லேப் பயிற்சி. வேலை இவ்வளவுதான் என்றால் முழு விஎம் தேவையே இல்லை. டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘wsl --install’ என்ற ஒரே கட்டளையைக் கொடுத்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் உபுண்டு தயார். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் ஓடும். 2019-இல் அறிவிக்கப்பட்டு 2020-இல் விண்டோஸ் 10-க்கு வந்த இந்த இரண்டாம் பதிப்பில் ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு. திரைக்குப் பின்னால் இதுவும் ஒரு விஎம்தான். விண்டோஸ் 11-இல் லினக்ஸ் ஜன்னல் நிரல்களும் நேராகத் திறக்கும். என்விடியா கார்டு இருந்தால், அந்தக் கார்டை வைத்தே நடக்கும் ‘கூடா’ (CUDA) கணக்குகளும் ஓடும். கீழே வரும் விர்ச்சுவல்பாக்ஸிலும் விஎம்வேரிலும் அது நடக்காது. மெஷின் லேர்னிங் படிப்பவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, கோப்பு எங்கே இருக்கிறது என்பது. சி டிரைவில் இருக்கும் புராஜெக்டை லினக்ஸ் பக்கத்திலிருந்து திறந்தால் ஒவ்வொரு கோப்பும் விஎம்மின் எல்லையைத் தாண்டி வர வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் கொண்ட நோட் புராஜெக்டில் இந்தத் தாமதம் நிமிடக் கணக்கில் சேரும். புராஜெக்டை லினக்ஸின் ஹோம் கோப்புறையில் வையுங்கள். விண்டோஸிலிருந்து பார்க்க ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் பென்குயின் படம் போட்ட ‘லினக்ஸ்’ இருக்கிறது.

இரண்டாவது ரேம். இயல்பாகக் கணினியின் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. 8 ஜிபி கணினியில் ‘விஎம்மெம்’ என்ற பெயர் டாஸ்க் மேனேஜரின் உச்சியில் நிற்பது இதனால்தான். டபிள்யூஎஸ்எல் செட்டிங்ஸ் செயலியில் உச்சவரம்பை 3 ஜிபியாகக் குறைத்துவிட்டு, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து மறுபடி திறந்தால் அடங்கும். மூன்றாவது, வட்டுக் கோப்பு வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே 20 ஜிபியை அழித்தாலும் சி டிரைவில் இடம் திரும்ப வராது. அதைக் கையால்தான் சுருக்க வேண்டும்.

அர்டுயினோ போன்ற யூஎஸ்பி பலகைகளை உள்ளே கொண்டுபோக ‘யூஎஸ்பிஐபிடி’ என்ற தனிக்கருவி தேவைப்படும். முழு லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பழகிப் பார்க்க விரும்புபவருக்கு டபிள்யூஎஸ்எல் உதவாது.

முழு டெஸ்க்டாப் வேண்டுமென்றால்: விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும்

உண்மையான போட்டி இங்கேதான். விர்ச்சுவல்பாக்ஸ் 2007-இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனத்திலிருந்து வந்து, சன் கைக்குப் போய், 2010-இல் ஆரக்கிளிடம் சேர்ந்தது. அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள், பதிவிறக்கம் செய்ய யாரிடமும் கணக்குத் திறக்க வேண்டாம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ நீண்ட காலம் விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. பிராட்காம் கைக்குப் போன பிறகு, 2024 நவம்பரிலிருந்து அலுவலகப் பயன்பாடு உட்பட எல்லோருக்கும் இலவசம். ஆனால் பிராட்காம் தளத்தில் கணக்குத் திறந்து, முகவரிப் படிவம் நிரப்பி, பல பக்கங்கள் தாண்டிய பிறகுதான் பதிவிறக்க இணைப்பு கண்ணில் படும். பொறுமை வேண்டும்.

பொறுமை இருந்தால் பலன் உண்டு. டெஸ்க்டாப்பின் அசைவு, ஜன்னலை இழுத்தால் திரை அளவு தானாக மாறுவது, வீடியோ ஓடுவது ஆகியவற்றில் விஎம்வேர் ஒரு படி மேல். கெஸ்டுக்குள் டைரக்ட்எக்ஸ் 11 வரை தரும். அடியில் ஹைப்பர்-வி ஓடிக்கொண்டிருந்தாலும் விர்ச்சுவல்பாக்ஸ் அளவுக்குத் தள்ளாடாது. ஒன்று மட்டும் கிடைக்காது: அந்த நிலையில் விஎம்முக்குள் இன்னொரு விஎம் ஓட்ட முடியாது. ‘இந்தத் தளத்தில் ஆதரவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். நெட்வொர்க் லேப் பழகுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிறுவும்போது விஎம்வேரில் ஒரு கண்ணி இருக்கிறது. விஎம் கோப்புகளை அது இயல்பாக டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் வைக்கும். விண்டோஸ் 11-இல் டாக்குமென்ட்ஸ் பல நேரம் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். விளைவு, 20 ஜிபி வட்டுக் கோப்பு மேகத்துக்கு ஏறத் தொடங்கும், இணையம் மந்தமாகும், ஒன்டிரைவ் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வரும், ஓடும் விஎம்மின் கோப்பும் பூட்டிக்கொள்ளலாம். புதிய விஎம் உருவாக்கும் பக்கத்திலேயே இடத்தை டி டிரைவுக்கோ சி டிரைவில் தனிக் கோப்புறைக்கோ மாற்றிவிடுங்கள். இன்னொன்று: விண்டோஸ் 11-ஐக் கெஸ்டாகப் போட அது கேட்கும் பாதுகாப்பு சிப்பான டிபிஎம் சேர்க்கும்போது விஎம்மைக் கடவுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்யச் சொல்லும். அந்தக் கடவுச்சொல் மறந்தால் விஎம் போனதுதான்.

விர்ச்சுவல்பாக்ஸின் கண்ணி வேறு. 7.0 பதிப்பு முதல் ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளத்தின் நிறுவல் வட்டுப் பிம்பம்) காட்டியதுமே ‘அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்’ என்று தானே எல்லாவற்றையும் நிறுவ முன்வரும். வசதிதானே என்று விட்டால், உள்ளே ‘விபாக்ஸ்யூசர்’ என்றொரு பயனர் உருவாகியிருக்கும், அவருக்கு சூடோ அனுமதி, அதாவது நிர்வாகி உரிமை, இருக்காது, உபுண்டுவில் டெர்மினலே திறக்காமல் போவதும் உண்டு. புதிதாக வருபவர்கள் லினக்ஸே கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுப்போவது இங்கேதான். அந்தத் தானியங்கி நிறுவலை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வழக்கமான நிறுவல் திரைகளைக் கையால் கடப்பதே நல்லது. பத்து நிமிடம்தான் கூட ஆகும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை: டிஸ்ப்ளே அமைப்பில் வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றுங்கள். உள்ளே பில்ட்-எசென்ஷியல் (build-essential), டிகேஎம்எஸ் (dkms), ஓடும் கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பு மூன்றையும் நிறுவிவிட்டுப் பிறகு, கெஸ்டை ஹோஸ்டோடு ஒத்துப்போக வைக்கும் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் போடுங்கள். ஹெடர் இல்லாமல் போட்டால் அதன் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துண்டு நிரல்) கட்டப்படாது. திரை சின்னதாகவே நிற்கும், வெட்டி ஒட்டுவதும் நடக்காது. பகிர்ந்த கோப்புறையைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனரை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ (vboxsf) குழுவில் சேர்த்து வெளியேறி நுழையுங்கள். 3டி ஆக்ஸிலரேஷனை டிக் செய்த பிறகு திரை கருத்துப்போனால் டிக்கை எடுத்துவிடுங்கள். ஆராய்ச்சி வேண்டாம்.

அலுவலகக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போடுபவர்கள் எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தொடாதீர்கள். அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கு ஆரக்கிளிடம் உரிமம் வாங்க வேண்டும். யூஎஸ்பி 3 ஆதரவு 7.0-இலிருந்து அடிப்படைத் தொகுப்புக்கே வந்துவிட்டதால் வீட்டிலும் பலருக்கு அது தேவைப்படாது.

இரண்டிலும், விஎம்மின் அப்போதைய நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் உண்டு. பரிசோதனைக்கு முன் ஒன்று எடுத்து, கெட்டால் பின்னால் போகலாம். மாதக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் வட்டைத் தின்னும், நீக்கும்போது ஒன்றிணைக்கவும் தனி இடம் கேட்கும். ஹோஸ்டின் வட்டு நிரம்பினால் விஎம் அப்படியே நின்றுவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விஎம் ஜன்னலுக்குள் போவது நீங்கள் அழுத்தும் விசை மட்டுமே, ஹோஸ்டில் வைத்திருக்கும் தமிழ்99 அங்கே வராது. கெஸ்டுக்குள் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, அமைப்புகளில் கீபோர்டு பகுதியில் தமிழ்99-ஐத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

முடிவாக எதைப் போடுவது? ஹைப்பர்-வியை அணைக்க முடியாத விண்டோஸ் 11 கணினி என்றால் விஎம்வேர். ஹைப்பர்-வி இல்லாத கணினி, அல்லது மாணவர்கள் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று கலந்து வைத்திருக்கும் வகுப்பு என்றால் விர்ச்சுவல்பாக்ஸ்.

ஹைப்பர்-வியையே நேரடியாகப் பயன்படுத்தினால்?

புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும் கிடைக்கும். ஹோம் பதிப்பில் கிடையாது. வேகம் நன்று, ஏனெனில் இடைவழி எதுவும் இல்லை. ஆனால் இது சர்வர் ஓட்டப் பிறந்தது. யூஎஸ்பி கருவியை நேராக உள்ளே கொடுக்க முடியாது, லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒலியும் திரை அளவும் தொல்லை. ஜெனரேஷன் 2 விஎம்மில் லினக்ஸ் ஐஎஸ்ஓ பூட் ஆகாமல் நின்றால், நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டின் டெம்பிளேட்டை ‘மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சர்டிஃபிகேட் அத்தாரிட்டி’ என்று மாற்றுங்கள். இயல்பாக இருப்பது விண்டோஸை மட்டுமே நம்பும். ஹைப்பர்-வியின் இயல்பான நெட்வொர்க் இணைப்பான டிஃபால்ட் ஸ்விட்ச் கொடுக்கும் ஐபி முகவரி ஹோஸ்டை மறுதொடக்கம் செய்தால் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். திரை தேவையில்லாத சோதனை சர்வர் ஒன்றை எப்போதும் ஓடவிட இது சரியான தேர்வு.

லினக்ஸ் கணினிக்குள் விண்டோஸ்

டாலிக்காகவும், டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனுக்காகவும் விண்டோஸை விட முடியாதவர்கள் கணக்கு அலுவலகங்களில் ஏராளம். லினக்ஸுக்கு மாறிவிட்டு விண்டோஸை விஎம்மில் வைத்துக்கொள்வது அவர்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். இங்கே தேர்வு ஒன்றுதான்: லினக்ஸின் சொந்த விஎம் வசதியான கேவிஎம், அதை மேய்க்க விர்ட்-மேனேஜர். கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் கெர்னல் மேம்பட்டால் உடைந்துபோக வெளி மாட்யூல் எதுவும் இல்லை. வெளி மாட்யூல் உடைவது விர்ச்சுவல்பாக்ஸுக்கும் விஎம்வேருக்கும் லினக்ஸில் இருக்கும் தீராத நோய். செக்யூர் பூட் இருந்தால் அவற்றின் மாட்யூலுக்குக் கையெழுத்துப் போடும் வேலையும் சேரும். போதாக்குறைக்குக் கெர்னல் 6.12 முதல் கேவிஎம் மாட்யூல் ஏறிய உடனேயே பிராசசரின் விர்ச்சுவலைசேஷனைக் கையில் எடுத்துக்கொள்வதால், விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் தொடங்காமல் பிழை காட்டலாம். அப்போது கேவிஎம் மாட்யூலைக் கெர்னலிலிருந்து கழற்றினால் வழி விடும்.

விர்ட்-மேனேஜரில் விண்டோஸ் 11 போடும்போது கடைசிப் பக்கத்தில் ‘நிறுவும் முன் அமைப்பை மாற்று’ என்பதை டிக் செய்யுங்கள். ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) ஆகவும், டிபிஎம் 2.0 எமுலேட்டட் ஆகவும் இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐயைப் பின்னால் மாற்ற முடியாது. வட்டுக்கு, விஎம்முக்கென்றே செய்த இணைப்பு முறையான விர்ட்ஐஓ தேர்ந்தெடுங்கள், வேகம் அதில்தான். ஆனால் விண்டோஸ் நிறுவல் நிரல் வட்டே இல்லை என்று சொல்லும், பயப்பட வேண்டாம். விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, ‘லோடு டிரைவர்’ அழுத்தி, வயோஸ்டார் (viostor) கோப்புறையில் டபிள்யூ11, அதற்குள் ஏஎம்டி64 என்று காட்டினால் வட்டு தெரியும். இன்டெல் பிராசசராக இருந்தாலும் ஏஎம்டி64 தான். நெட்வொர்க் கார்டை நிறுவல் முடியும் வரை, விண்டோஸுக்குத் தெரிந்த இ1000இ (e1000e) வகையாக விட்டுவிடுங்கள். இணையம் இல்லையென்றால் விண்டோஸ் 11 பாதியில் மறித்துக்கொள்ளும். முடிந்ததும் அதே சிடியிலிருந்து கெஸ்ட் டூல்ஸைப் போட்டு விர்ட்ஐஓவுக்கு மாற்றலாம்.

டோக்கனைச் சேர்க்க ‘ஆட் ஹார்ட்வேர்’ போய் யூஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். விஎம்மிடம் இருக்கும் வரை அது லினக்ஸுக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் நடக்காது.

கெஸ்டாக ஓடும் விண்டோஸுக்குத் தனி உரிமம் தேவை. மடிக்கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த இயந்திரத்தோடு கட்டப்பட்டது, விஎம்முக்குள் செல்லாது. பழகிப் பார்க்க மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் எண்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு போதும்.

மேக்கில் எம்1 சிப் வந்த பிறகு கணக்கே வேறு. அந்த சிப் ஏஆர்எம் வகை என்பதால், உள்ளே ஓடுவதும் ஏஆர்எம் இயங்குதளமாக இருந்தால்தான் வேகம் கிடைக்கும். பேரலல்ஸ் காசு கேட்கும், விஎம்வேர் ஃப்யூஷனும் யூடிஎம்மும் இலவசம். சாதாரண இன்டெல் விண்டோஸ் ஐஎஸ்ஓவை யூடிஎம்மில் எமுலேஷனாக ஓட்டலாம்தான், ஆனால் அது ஊர்ந்துதான் போகும்.

பின்னால் மாறிக்கொள்ளலாமா?

மாறலாம். விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுத்தால் வரும் ஓவிஏ கோப்பை விஎம்வேர் திறக்கும். வட்டுக் கோப்பை கியூஇஎம்யூ-இமேஜ் (qemu-img) கருவியால் கியூகவ்2 (qcow2) வடிவத்துக்கு மாற்றினால் கேவிஎம்மில் ஓடும். ஏற்றுமதிக்கு முன் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கி, பழைய கெஸ்ட் அடிஷன்ஸை அகற்றி, விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், சேவ்டு ஸ்டேட் கூடாது. லினக்ஸ் கெஸ்ட் பெரும்பாலும் முணுமுணுக்காமல் எழும். விண்டோஸ் கெஸ்டைக் கேவிஎம்முக்குக் கொண்டுபோகும்போது வட்டை நேராக விர்ட்ஐஓவில் மாட்டினால் பூட் வட்டைக் காணோம் என்று நீலத் திரை வரும். முதலில் வழக்கமான வட்டு இணைப்பான சாட்டாவில் மாட்டி எழுப்புங்கள். இரண்டாவதாக 1 ஜிபியில் ஒரு காலி விர்ட்ஐஓ வட்டைச் சேர்த்து உள்ளே டிரைவரை நிறுவுங்கள். அதன் பிறகு ஷட்டவுன் செய்து, முதன்மை வட்டை விர்ட்ஐஓவுக்கு மாற்றிவிட்டு, காலி வட்டைக் கழற்றிவிடலாம்.